அரவைக்கூலி

கம்பிகள் எங்கள் தலைக்கு மேலேதான் போகின்றன.
என் அம்மா பிறக்கும் முன்பே போயின,
கரீபா ஏரியிலிருந்து தாமிரச் சுரங்கத்துக்கு,
ராத்திரியெல்லாம் இரைந்தபடி.
கீழே நாங்கள்
மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம்.

பதினோரு வருஷம் டீசல் ஆலை ஓட்டினேன்.
இருமினால் கைக்குட்டையில்
பாதி மாவு, பாதி கரி.
ஒரு ட்ரம் டீசலுக்குச் சோமா போய்த் திரும்ப இரண்டு நாள்;
விலை மட்டும் எனக்கு முன்பே
போய்ச் சேர்ந்திருக்கும்.

போன மார்ச்சில் லாரியில் வந்தன
இருபத்துநான்கு பலகைகள்.
ப்வால்யா என்ற பையன் கூரையேறிப் பூட்டினான்.
விசையைத் தட்டினான். ஓடுவதே தெரியவில்லை.
நான் பழக்கதோஷத்தில்
"அடுத்தது யார்ர்ர்?" என்று தொண்டை கிழியக் கத்த
மொத்த வரிசையும் சிரித்தது.

மொத்த வரிசை என்றால் மூன்று பேர்.
மூன்று கிண்ணம்.

ஜனவரியில் ஒரு மழை, அதோடு சரி.
மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நின்று
பழைய தாள் மாதிரிச் சரசரத்தது.
அதைக் கொன்ற அதே வெயில்
என் கூரையில் பிரமாதமாக வேலை பார்த்தது.
ப்வால்யா மீட்டரைப் பார்த்து,
"இப்படி ஒரு வெளிச்சத்தை நான் எங்கும் பார்த்ததில்லை" என்றான்.
யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

ஏரியும் இறங்கியது.
அணை கட்டிய நாளில் முழுகிய மரங்கள்
கிளையோடு வெளியே வந்து நின்றன,
கணக்குக் கேட்க வந்தவர்கள்போல.
கம்பிகள் இரைவதை நிறுத்தின.
லூசாகாவில் நாள் முழுக்க இருட்டாம்.
இருட்டில் சமைக்கக் கரி வேண்டும்.
என் தம்பி ஹமூன்கா மொப்பானி மரங்களை வெட்டி
மூட்டம் போட்டான்.
தார்ச்சாலை ஓரம் அவன் மூட்டைகள்
என் ஆலையைவிட உயரம்.

மரம் போனால் மழை போய்விடுமடா என்றேன்.
"மழை முதலில் போயிற்று அக்கா.
மரம் அப்புறம்தான்."
அந்த மாதம் என் பிள்ளைகள் தின்றது
அவன் காசில்.

பிறகு வெள்ளை வண்டியில் ஒருவர் வந்தார், படிவத்தோடு.
டீசல் எத்தனை லிட்டர் மிச்சம்?
கார்பன் எத்தனை டன் மிச்சம்?
ஆலை ஓடாத நாட்களையும்
மிச்சத்தில் சேர்த்துக் கூட்டினார்.
சரிதான்.
பட்டினி புகை விடுவதில்லை.

அவர் போனபின் சுலுமேஷிதான் கேட்டாள்:
"அரைக்காத வெயிலை என்ன செய்கிறாய், சிப்பேகோ?"
வீணாய்ப் போகிறது என்றேன்.
"வீணாய்ப் போக அது யார் வீட்டுச் சொத்து?"

அதே கம்பியில் ஒரு பம்பு மாட்டினோம்.
அப்புறம் ஒரு ஐஸ் பெட்டி, கடனில்.
கப்பெண்டா மீன் நாறாமல் சந்தைக்குப் போனது.
அரவைக்கூலியைக் காசாக வாங்குவதில்லை என்று
கூட்டத்தில் தீர்மானம்:
கிண்ணத்துக்கு ஒரு கை சோளம், விதைக்கு.
மக்காச்சோளம் இல்லை, குட்டைச் சோளம்,
தாகம் குறைந்தது.
களி கறுப்பாக வருகிறது என்று பிள்ளைகள் முகம் சுளித்தார்கள்.
இன்னும் சுளிக்கிறார்கள்.

ஹமூன்காவிடம் ஐஸ் வண்டி ஓட்டக் கேட்டேன்.
"கரி மூட்டைக்கு இவ்வளவு கிடைக்கிறது.
ஐஸுக்கு நீ எவ்வளவு தருவாய்?"
பேரம் மூன்று நாள் நடந்தது.
இப்போது வாரத்தில் நாலு நாள் ஐஸ்,
இரண்டு நாள் கரி.
ஞாயிற்றுக்கிழமை கோயிலில்
இரண்டு வாசனையும் அவன் சட்டையில் இருக்கும்.

நேற்று மதியம் வரிசை கதவு தாண்டி நின்றது.
சுலுமேஷியின் கிண்ணம் பாதி அரைபட்டிருக்க
ஆலை இழுத்து இழுத்து ஓடி, நின்றது.
மீட்டரைத் தட்டினேன். வெளியே எட்டிப் பார்த்தேன்.
மேகம்.

ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை.
ஒருத்திகூட வீட்டுக்குப் போகவில்லை.
தகரத்தில் ஒன்று விழுந்தது, பிறகு ஒன்று,
பிறகு எண்ண முடியவில்லை.
"மாவை மூடுங்கள்" என்றேன்.
யாருக்கும் கேட்கவில்லை.
தொண்டை கிழியக் கத்தினேன்.